படத்தில் இல்லாத கட்டில்

"எதைச் சுடப் போகிறாய்?" என்று கடைக்காரி கேட்டாள்.

"காட்டுத் தாரா" என்றேன்.

பொய். கள்ளனைச் சுட என்று சொல்ல முடியாது. இந்த நாட்டில் துவக்கு வேட்டைக்கும் இலக்குப் பழகவும்தான். லைசென்ஸ் வகுப்பு எடுத்த மனிதர் முதல் நாளே சொன்னார், வீட்டுக் காவலுக்கு என்று எண்ணி வந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம் என்று. யாரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. அன்றைக்கு எனக்கு அப்படி ஓர் எண்ணம் உண்மையிலேயே இருக்கவில்லை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் இடத்தில் என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சு பேசும் கெபெக்காரன் ஒருவன், இலையுதிர்காலத்தில் என்னைக் காட்டுக்கோழி சுடக் கூட்டிக்கொண்டு போவான். அதற்காக வாங்கிய துவக்கு. ஏழு வருடமாக இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. வருடத்தில் மூன்று நாள்தான் வெளியே வரும்.

கடைக்காரி மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். குளத்தில் நீந்தும் தாராவென்றால் உருக்குச் சன்னம் போட்ட தோட்டாதான், ஈயம் தண்ணீரில் விழுந்தால் நஞ்சு என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்த இன்னொரு பெட்டியைக் காட்டினேன். பெரிய சன்னம். தோட்டா ஒன்றுக்குள் ஒன்பது குண்டு.

"இதால் தாராவைச் சுட்டால் இறகு மட்டும்தான் மிஞ்சும்."

"அது கொயோட்டி நரிக்கு" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் லைசென்ஸ் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் அட்டையைப் பார்த்தாள். வெள்ளைக்காரன் என்றால் ஒரு தரம்தான் பார்த்திருப்பாய் என்று மனதுக்குள் திட்டினேன். அவள் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறாளோ என்னவோ. அந்த நாட்களில் என்னை யார் பார்த்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்த்த எவரையும் நம்பவுமில்லை.

இரண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். எதை வைத்திருப்பது என்று முடிவெடுக்கவில்லை.

நடந்தது இதுதான். என் மாமா, மனைவியின் தகப்பன், காலமானார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் பார்வைக்கு வைத்தோம். பத்து மணிக்குக் கிரியை. அதன் பிறகு தகனம். எல்லாம் முடிந்து பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், முதலில் மகள் தும்மினாள். பிறகு மனைவி. பிறகு நான். குசினி நிலம் முழுக்க மிளகாய்த்தூள். யாழ்ப்பாணத்துத் தூள், வறுத்து இடித்தது, பெரிய தகரம் நிறைய இருந்தது. அதைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தான். அதன் அடியில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த நகை முழுக்கப் போய்விட்டது. மனைவியின் கலியாண நகை, மகளின் சாமத்தியச் சடங்குக்குச் செய்த நகை, எல்லாம். பின்பக்கத்து இழுவைக் கண்ணாடிக் கதவை நெம்பித் திறந்து வந்திருக்கிறான். செத்த வீட்டுக்குப் போய்வந்த உடுப்போடு, குளிக்காமல், கண்ணில் தண்ணீர் ஓட நின்றோம். தூளுக்கு அழுகிறோமா மாமாவுக்கு அழுகிறோமா என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒரே கேள்விதான். அந்தத் தகரம் இவனுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவர்கள் நாலு பேர். நான், மனைவி, மகள், மனைவியின் தம்பி. தம்பி நாலு வருடமாக எங்கள் நிலக்கீழ் வீட்டில் இருக்கிறான். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. கலியாணம் ஆகவில்லை. வீட்டின் பக்கவாட்டில் உள்ள பக்கத்துக் கதவால் வந்து அதாலேயே போவான். அன்று காலையில், பார்வைக்கு வைத்திருந்த நேரத்தில், அவன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மண்டபத்தில் இல்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகன் அவன். ஐயர் "எங்கே பிள்ளை, எங்கே பிள்ளை" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். கிரியை தொடங்கும் நேரத்தில்தான் ஓடி வந்தான். எங்கே போனாய் என்று கேட்டேன்.

"பார்க்கிங் பிரச்சினை அத்தான்" என்றான்.

அந்த மண்டபத்துக்கு முன்னால் இருநூறு கார் விடலாம்.

வந்த பொலிஸ்காரி ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "இன்றைக்கு மரணச் சடங்கு என்று எங்கேயாவது அறிவித்தீர்களா?" எல்லா ஆட்களும் அறிவிக்கிறதுதானே என்றேன். "உங்கள் ஆட்களின் வீடுகளில் மூன்று இடம்தான் பார்ப்பார்கள். அரிசி வாளி, மிளகாய்த்தூள், சாமிப் படத்துக்குப் பின்னால்" என்றாள். உங்கள் ஆட்கள் என்றது எனக்கு ஏறிவிட்டது. கள்ளனைப் பிடிக்க வக்கில்லாமல் களவு கொடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறாள் என்று நினைத்தேன். கதவுக்கு ஒரு தடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். தடி!

மூன்றாம் நாள் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன், "முப்பத்தோராம் நாள் காரியம் முடிய நீ வேற இடம் பார்."

ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகம்தான். குற்றமில்லாதவன் என்றால் ஏன் என்று கேட்பான்தானே.

மனைவி கேட்டாள். "அப்பாவும் போயிட்டார். எனக்கெண்டு இந்த நாட்டில இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனையும் துரத்துறீங்களோ?"

"நகையை ஆர் எடுத்ததெண்டு சொல்லும். நான் துரத்தேல்லை."

"அவன் எடுத்ததெண்டு கண்டனீங்களோ?"

"காணேல்லை. அதுதான் துவக்கைக் கிட்ட வைக்கப் போறன். அடுத்த முறை காணுவன்."

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள். விசரே உங்களுக்கு?"

விசர்தான். ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் அவன் இருமுவதும் பிழையாகத் தெரியும். கீழே தண்ணீர்க்குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் எதையோ கழுவி மறைக்கிறான் என்று நினைப்பேன். தொலைபேசியில் மெல்லக் கதைத்தால் பங்காளியோடு கதைக்கிறான் என்று நினைப்பேன். அப்படித்தான் இருபது நாள் ஓட்டினேன்.

வேலையிடத்தில் கெபெக்காரனிடம் கேட்டேன், வீட்டுக்குள் சுடுவதென்றால் எந்தத் தோட்டா நல்லது என்று. அவன் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "இதைப் பற்றி நான் கதைக்க மாட்டேன். சட்டப்படி துவக்கும் தோட்டாவும் பூட்டில் இருக்க வேண்டும். நீ பூட்டைத் திறந்து முடிக்க, வந்தவன் தேத்தண்ணீர் போட்டுக் குடித்துவிட்டுப் போயிருப்பான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை லஷூட் பக்கம் தன் தமையனின் காணிக்கு வா, அங்கே மணல் குழி இருக்கிறது என்றான். "வீட்டுச் சுவர் மாதிரி ஒன்றையும் கொண்டு வா."

நிலக்கீழ் வீட்டை மச்சானுக்காகத் திருத்தியபோது மிஞ்சிய, சுவருக்கு அடிக்கும் ஜிப்ரொக் பலகைகள் கராஜில் இருந்தன. ஆறு துண்டை எடுத்து, மரச்சட்டத்தின் இரு பக்கமும் அடித்து, வீட்டில் இருப்பது போலவே சுவர்த் துண்டுகள் செய்தேன். பின்னால் வைக்க ஒரு பழைய தலையணையும் எடுத்தேன். அறைகளுக்கு நடுவே போகும் ஓடையிலிருந்து மகளின் அறைச் சுவருக்குக் காலால் அளந்தால் ஆறு எட்டு. மணல் குழியிலும் ஆறு எட்டு அளந்து நின்றேன்.

முதலில் தாராத் தோட்டா. சின்னச் சன்னம், சுவரோடு நின்றுவிடும் என்று யாரோ ஒருவர் இணையத்தில் சத்தியம் பண்ணியிருந்தார். சுட்டேன். முன் பலகையில் கோப்பை வாயளவு ஓட்டை. பின் பலகை வெடித்துத் தொங்கியது. தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு வெளியே வந்திருந்தது.

அடுத்த துண்டுக்குப் பெரிய சன்னம். போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. முன் பலகை, பின் பலகை, தலையணை, அதற்கும் பின்னால் நட்டிருந்த வேலிக்கட்டை. கட்டையில் நாலு குண்டு புதைந்திருந்தது. மிச்சம் ஐந்தும் மணலுக்குள் எங்கே போனதென்று தெரியாது.

மிச்சம் இருந்த ஒரு துண்டுக்குக் கெபெக்காரன் தன் சட்டைப்பையிலிருந்து காட்டுக்கோழித் தோட்டா ஒன்றை எடுத்துத் தந்தான். இருப்பதில் ஆகச் சின்னச் சன்னம். அந்தத் தூரத்தில் அதுவும் போனது.

"இது சுவரில்லை" என்றான் அவன். "இரண்டு கடதாசி, நடுவில் சுண்ணாம்பு. பின்னால் யார் படுக்கிறது?"

"மகள்."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பப் போட்டான். "வீட்டுக்குப் போய் வீட்டைத் தாளில் படமாகக் கீறு. யார் எங்கே படுக்கிறார்கள் என்று அடையாளம் போடு. பிறகு யாரிலும் படாமல் ஒரு கோடு இழு. கோடு கிடைத்தால் எனக்கும் சொல். என் வீட்டில் எனக்குக் கிடைக்கவில்லை."

அவனுக்கே கிடைக்காததை நான் கண்டுபிடிக்கிறேன் பார் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குசினி மேசை. வெள்ளைத் தாள் தேடினேன். மாமாவின் மரண அறிவித்தல் கட்டாக மிஞ்சிக் கிடந்தது. தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்ட அடித்தது. ஒன்றை எடுத்து மறுபக்கம் திருப்பி வீட்டைக் கீறினேன். நான் கீறுவதில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் அந்த வீட்டை எனக்குத் தெரியும். ஓடை, குசினி, முன் கதவு, பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவு, எங்கள் அறை, மகளின் அறை, பக்கத்துக் கதவு, அங்கிருந்து கீழே இறங்கும் படி. எங்கள் கட்டிலுக்கு ஒரு பெருக்கல் அடையாளம். மகளின் கட்டிலுக்கு ஒன்று.

பிறகு கோடு. கண்ணாடிக் கதவைப் பார்த்துச் சுட்டால் பின்வீட்டு ஆட்களின் முற்றம். அங்கே பிள்ளைகள் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். முன் கதவைப் பார்த்தால் தெரு. ஓடையால் நேராகப் பார்த்தால் மகள். அரை மணித்தியாலம் கீறிக் கீறி அழித்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. ஓடை மூலையில் நின்று, பக்கத்துக் கதவால் வருகிறவனை, படியைப் பார்த்துக் கீழ்நோக்கி. கீழே கொங்கிரீட். போகிற சன்னம் அங்கேயே நின்றுவிடும். பெரிய சன்னமே வைக்கலாம். சந்தோசமாக இருந்தது. கோட்டைத் தடிப்பாகக் கீறினேன்.

மனைவி தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். தாளைப் பார்த்தாள். அவள் அவசரமாகப் பார்க்கவில்லை. விரலால் ஒவ்வோர் அறையாகத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

"இது நாங்கள். இது பிள்ளை. என்ர தம்பிட கட்டில் எங்க?"

நான் தாளைப் பார்த்தேன். படி கீழே இறங்குகிற இடத்தில் என் கோடு முடிந்தது. அதற்குக் கீழே நான் ஒன்றும் கீறியிருக்கவில்லை.

"அவன் முப்பத்தொண்டு முடியப் போறான்தானே" என்றேன்.

"பிறகு போறவன் எண்டால், இப்பவே இல்லையெண்டு கணக்கோ?"

அவள் படிக் கதவைத் திறந்து தம்பியைக் கூப்பிட்டாள். வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து நின்றான். "அத்தான் துவக்குக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார். நீ வந்து பார்" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். விளங்க அவனுக்கு நேரம் எடுக்கவில்லை. சுட்டுவிரலை என் கோட்டின் நுனியில் வைத்தான்.

"என்ர கட்டில் இதில அத்தான். படிக்கு நேர."

விரலை எடுக்காமலே கதைத்தான், என்னைப் பார்க்காமல், தாளைப் பார்த்து.

"அண்டைக்கு நான் பார்க்கிங்குக்குப் போகேல்லை. வீட்டை வந்தனான்."

"எனக்குத் தெரியும்!" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

"இருங்கோ, கேளுங்கோ. அக்கா சொன்னவா, அப்பா மூக்குக்கண்ணாடியில்லாமல் ஆரோ மாதிரிக் கிடக்கிறார் எண்டு. ஆஸ்பத்திரிச் சாமான் பை என்ர அறையில கிடந்தது. கண்ணாடி அதுக்குள்ள. எடுக்க வந்தனான். பக்கத்துக் கதவால வந்து கீழ இறங்கினன். மேல நடக்கிற சத்தம் கேட்டது."

மனைவி வாயைப் பொத்தினாள்.

"ஒராள் நடக்கிற சத்தம். குதிக்காலை ஊண்டி, உங்களை மாதிரி. நீங்கள்தான் என்னவோ எடுக்க வந்திருக்கிறியள் எண்டு நினைச்சன். 'ஐயர் கத்தப் போறார், இவன் என்ன செய்யிறான் இஞ்ச' எண்டு பேசுவியள் எண்டு சத்தம் போடாமல் வெளிய போனனான். வந்து பார்த்தால் நீங்கள் மண்டபத்தில நிக்கிறியள். எனக்கு முன்னம் வந்திட்டியள் எண்டு நினைச்சன். வீடு உடைச்சதைக் கண்டாப் பிறகுதான் விளங்கினது. எப்பிடிச் சொல்லுறது? மேல ஏறிப் பார்த்திருந்தால் நகை போயிருக்காது."

"ஏறியிருந்தால் நீ போயிருப்பாய்" என்று மனைவி கத்தினாள்.

நான் நம்பவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். நல்லாகப் பின்னிக் கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். "நல்ல கதை" என்றேன். "கண்ணாடி போட்டதை ஆர் கண்டது? செத்த வீட்டு மண்டபத்துக்காரர் போட்டிருப்பினம்."

"வீடியோ இருக்குத்தானே" என்றான்.

இருந்தது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் பார்க்க என்று நேரலை விட்டிருந்தோம். அதற்கு ஆள் பிடித்ததும் நான்தான். மனைவி கணினியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். தூளும் தும்மலுமாக இருந்த அந்த நாளுக்குப் பிறகு எங்களில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

எட்டரை மணிக்கு மாமா கண்ணாடி இல்லாமல் கிடக்கிறார். ஒன்பது மணிக்கும் அப்படித்தான். ஒன்பதே முக்கால் தாண்ட அவன் மேல்மூச்சு வாங்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறான். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தன் சட்டையில் துடைக்கிறான். தகப்பனின் முகத்தில் வைக்கிறான். ஒரு காதில் மாட்டுப்படுகிறது, மற்றக் காதில் வழுக்குகிறது. திரும்ப எடுத்து, தலையை மெல்லத் தூக்கி, சரியாக மாட்டுகிறான். பெட்டிக்குத் தலைமாட்டில், ஓர் எட்டுத் தூரத்தில், நான் நிற்கிறேன். தொலைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறேன். தலை நிமிரவேயில்லை.

அந்த நேரத்தில் என்ன தட்டினேன் என்று நினைவிருக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வருகிறோம், முகவரி என்ன என்று யாரோ கேட்டிருந்தார்கள். "அறிவித்தலில் இருக்கு, பாருங்கோ" என்று பதில் அனுப்பினேன்.

தாளைத் திருப்பினேன். என் வீட்டுப் படத்தின் மறுபக்கத்தில் மாமாவின் படம். அதன் கீழே நான் கோவையாக எழுதிக் கொடுத்தது: பார்வைக்கு எட்டு மணி முதல் பத்து வரை, கிரியை பத்து முதல் பன்னிரண்டு வரை, அதன் பின் தகனம். வீட்டு முகவரி, இலக்கம், தெரு, தபால் குறியீட்டோடு. அன்பு மருமகன் என்று முதலில் என் பெயர், பிறகு என் மனைவி, மகள், மச்சான். வீட்டில் இருக்கிற ஒருவர் விடாமல், எல்லோரும் எத்தனை மணி வரைக்கும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று அச்சடித்து, தமிழ்க் கடைகளின் கண்ணாடியில் நானே போய் ஒட்டினேன். ஒரு கடையில் மூலையில் ஒட்டியிருந்தார்கள் என்று சண்டை பிடித்து நடுவில் ஒட்டுவித்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அரிசி வாளியின் மூடி திறந்து கிடந்தது. சாமிப் படமும் சரிந்து கிடந்தது. நான் கண்டேன். நெம்பித் திறந்தபோது ஆடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். தகரம் மட்டும்தான் என் கண்ணுக்கு வேண்டியிருந்தது. கள்ளன் நேராகத் தகரத்துக்குப் போகவில்லை. பொலிஸ்காரி சொன்ன மூன்று இடத்தையும் பார்த்திருக்கிறான். எவரும் காட்டிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எனக்கு அது வராது. பென்சிலை எடுத்து, கோடு முடிகிற இடத்தில் ஒரு கட்டில் கீறி, பெருக்கல் அடையாளம் போட்டேன். அதோடு என் கோடும் போய்விட்டது. வேறு கோடு இல்லை. கெபெக்காரன் சொன்னது சரி.

"பெட்டி கட்டினியோ?" என்று மச்சானைக் கேட்டேன்.

"பாதி."

"அவிழ்."

பெரிய சன்னப் பெட்டியைக் கெபெக்காரனிடம் கொடுத்துவிட்டேன். தமையனின் காணியில் உண்மையாகவே கொயோட்டி இருக்கிறதாம். தாராத் தோட்டா பூட்டில் இருக்கிறது, துவக்கு வேறு பூட்டில். மணல் குழிக்குக் கொண்டு போன சட்டத்தைக் கழற்றி, ஒரு மரத்துண்டை அளந்து வெட்டிக் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில் போட்டேன். பொலிஸ்காரி சொன்ன அதே தடி. முப்பத்தோராம் நாள் அறிவித்தலில் வீட்டு முகவரி போடவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டேன். யார் எந்தக் கதவால் வந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். மகள் பிரெஞ்சில் கத்துவாள். மனைவி திறப்புக் கொத்தை மேசையில் போட்டுச் சத்தம் காட்டுவாள், அதுவே போதும் என்கிறாள். மச்சான் ஒவ்வொரு நாளும் தவறாமல், "அத்தான், நான்தான்" என்பான்.

போன கிழமை வேலை முடிந்து களைத்து வந்தேன். சட்டம் போட்டவனே குரல் கொடுக்க மறந்துபோனேன். குசினியில் நாலு எட்டு வைத்திருப்பேன். கீழேயிருந்து கேட்டது.

"ஆரது?"

"நான்தான்" என்றேன்.

"நான் எண்டால் ஆர்?"

எனக்குக் கோபம் வந்தது. என் வீடு, என் குசினி. இவன் ஆர் என்னைக் கேட்க? பிறகு அவன் படியில் ஏறி வரவில்லை என்பதைக் கவனித்தேன். என்னைப் போல நடக்கிற ஒருவனை அவன் ஒரு தரம் நம்பியிருக்கிறான். கீழே நின்று காத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான்" என்றேன். "மேல வா. தேத்தண்ணி போடுறன்."